இவர் பெயரில் ஒரு கோப்பை

மார்ச் 4, திங்கள்

இரண்டு கால்சட்டைக்கு நீளம் குறைத்தேன், ஒரு பைக்கு ஜிப் மாற்றினேன். தையல் இயந்திரத்தின் பெல்ட் மறுபடியும் நழுவுகிறது. மத்தியானம் பஸ் ஓட்டும் பெண் கடைக்கு வந்தாள், சீருடையோடு, கையில் தைக்க ஒன்றும் இல்லாமல். சின்ன வயதில் இவரிடம், என் வீட்டுக்காரரிடம், கால்பந்து பழகியவள். இப்போது அவள் பையன் ஆடுகிறான். ஆடிக்கொண்டிருந்தான் என்று எழுத வேண்டும் போல.

"அண்ணி, அவன வர வேண்டாம்னுட்டாங்க. செலக்‌ஷன்ல தேறலயாம். ரெண்டு நாளா சோறு எறங்கல அவனுக்கு" என்றாள்.

என்ன செலக்‌ஷன்? யாரைக் கேட்டு? இவர் பயிற்சி கொடுத்த கால்பந்துச் சங்கத்தில் இவர் நினைவாகக் கோப்பைப் போட்டி நடத்துகிறார்களாம். அதற்கு நல்ல ஆட்டக்காரர்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்களாம். அதுவும் இவர் பெயரில்! இவர் போய் நாலு மாதம்கூட ஆகவில்லை.

மார்ச் 5

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாசல் கம்பியில் பெரிய பேனர். ஒரு பக்கம் இவர் முகம், இன்னொரு பக்கம் "தேர்வானவர்கள் மட்டும் பயிற்சிக்கு வரவும்". இவரே சொல்வது மாதிரி!

முப்பது வருடமாக இவருக்கு ஒரே சட்டம்தான். வாரம் முழுக்கப் பயிற்சிக்கு வந்த பிள்ளை சனிக்கிழமை ஆட்டத்தில் இறங்கும். குண்டோ ஒல்லியோ, பந்து காலில் ஒட்டுமோ ஒட்டாதோ, கேள்வியே கிடையாது. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது நல்லா ஆடுகிற பிள்ளையை வெளியே கூப்பிட்டு, பந்தைக் கண்டால் பதறுகிற பிள்ளையை உள்ளே அனுப்புவார். பாதி நாள் அத்தோடு ஆட்டம் கையை விட்டுப் போய்விடும்.

நானே எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். "கொஞ்சமாவது மூளை இருக்கா உங்களுக்கு? ஜெயிக்கிற ஆட்டத்தக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றீங்க!"

"பயிற்சிக்கு வந்தான்ல" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் சுவரிடம் பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 7

பல் டாக்டரின் கிளினிக்குக்கு நேரே போய்விட்டேன். அவன்தான் சங்கச் செயலாளர். பத்து வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பயல், எனக்கென்ன அப்பாயின்ட்மென்ட்? ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் கிடந்தார். டாக்டர் கையில் ஊசி.

"ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. அந்த பேனர எடு."

பொறுமையாகத்தான் பேசினான். அதுவே எனக்கு எரிச்சல். முதல் வருடக் கோப்பையாம், ஊர்ப்பட்ட அணிகள் வருகின்றனவாம், சொந்த மைதானத்தில் நாமே தோற்றால் நன்றாகவா இருக்கும் என்றான். கடைசியில் ஒன்று சொன்னான் பாருங்கள்: "அண்ணன் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாரு."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "இதையேதான்டா நான் முப்பது வருஷமா சொன்னேன். கட்டின பொண்டாட்டி பேச்சையே கேக்காத மனுஷன், செத்ததுக்கப்புறம் உன் பேச்சக் கேப்பாரா?"

நாற்காலியில் கிடந்த ஆள் பிளந்த வாயோடு தலையாட்டினார். என் பக்கம்தான் ஆட்டினார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 8

என்ன நெஞ்சழுத்தம் அந்தப் பயலுக்கு!

மார்ச் 9, சனி

செய்துவிட்டேன்.

கடையிலிருந்து பெரிய கத்திரியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். நல்ல வெயில், நல்ல கூட்டம். ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி நின்று, பேனரில் இவர் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்தேன். எழுத்தைத் தொடவில்லை. அது அவர்களுடையது.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "என்னம்மா பண்றீங்க?" என்றார்.

"என் புருஷன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு பெரிய முகத்தை வைக்க வீட்டில் இடமே இல்லை. இப்படி ஒரு சிரிப்பை இவர் வீட்டில் சிரித்ததும் இல்லை. எங்கே வைக்க? கட்டிலில் அவர் பக்கம்தான் காலியாக இருக்கிறது. அங்கேயே விரித்துவிட்டேன்.

மார்ச் 10

மகள் போன் செய்தாள். ஓட்டை விழுந்த பேனரை யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஊர் முழுக்கச் சுற்றுகிறதாம்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? அசிங்கமா இருக்கு."

"அசிங்கம் பண்ணினது அவங்க. நான் வெட்டினேன், அவ்வளவுதான்."

பிறகு, "காதெல்லாம் ஒழுங்கா வெட்டினியா?" என்று கேட்டாள். சிரிக்கிறாள் கழுதை.

மார்ச் 12

பல் டாக்டர் கடைக்கு வந்தான். போகிற வருகிற ஆளெல்லாம் அண்ணன் முகம் எங்கே என்று அவனைத்தான் கேட்கிறார்களாம். கேட்கட்டும். நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"நான் ஆடின ஃபைனல் ஞாபகம் இருக்கா அண்ணி? கோல்கீப்பர் கீழ விழுந்து கெடக்கான். காலி கோல். நான் வெளிய அடிச்சேன். அவருக்குக் கெடைக்க வேண்டிய ஒரே கோப்பை, என்னாலதான் போச்சு. ஒண்ணாவது ஜெயிச்சுக் குடுக்கணும்னு நெனச்சேன். தப்பா?"

அவனுக்குள் இது கிடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் பொய்யாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து உன்ன வாய்க்கு வந்தபடி திட்டினாரு" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "சரி, அடுத்த சனிக்கிழமை யார இறக்கினாரு?"

தரையைப் பார்த்தபடியே, "என்னத்தான்" என்றான்.

"அவரு பேரு வேணும்னா அவரு சட்டமும் கூட வரும். சட்டம் வேணாம்னா கோப்பைக்கு உன் பேரையே வச்சுக்கோ."

எழுந்து போனான்.

மார்ச் 14

பஸ் ஓட்டும் பெண் பஸ்ஸை நிறுத்தாமலே கடை வாசலில் ஹார்ன் அடித்து, ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டு போனாள். "எல்லாப் பிள்ளைங்களையும் வரச் சொல்லிட்டாங்க அண்ணி!"

மார்ச் 23, சனி

இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்று எனக்கே தெரியவில்லை.

இடைவேளை வரை ஒரு கோல் முன்னால் இருந்தோம். அப்போதுதான், இவர் இடத்தில் அணியை நடத்திய பல் டாக்டர் எழுந்து, கோல் போட்ட சிறுமியையே வெளியே கூப்பிட்டு, பஸ் ஓட்டும் பெண்ணின் பையனை உள்ளே அனுப்பினான். சங்கத்துப் பெரிய மனிதர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். சொன்னால் வெட்கம், எனக்கே "வேணாம்டா, இப்ப மாத்தாதே" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதன் பிறகும் ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போனது. வந்திருந்த எல்லாரும் ஆடினார்கள்.

நாலுக்கு ஒன்று. தோற்றோம்.

கோப்பையை நான்தான் கொடுத்தேன். இவர் பெயர் பொறித்த கோப்பையை, முதல் வருடமே, எதிரணிப் பிள்ளைகள் வேனில் ஏற்றிக்கொண்டு கூச்சலோடு போனார்கள். பல் டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றான்.

வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை. மகள் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோற்ற சனிக்கிழமைகளில் இவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். களைப்பு என்று நினைத்துவிடுவேன். தோல்வி இவருக்குப் பழகிப்போயிற்று, உறைக்காது என்று நினைத்திருந்தேன். உறைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உறைத்திருக்கிறது. உறைக்க உறைக்க மறு சனிக்கிழமையும் போய் அதையே செய்திருக்கிறார், மனுஷன்.

அழுதேன். இவர் போனதிலிருந்து இன்றுதான் அழுகிறேன். நாலு கோல் வாங்கினால் யாருக்குத்தான் அழுகை வராது?