குளம் வைத்த வரைபடம்

மார்ச் 4

வரைபடம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் விரித்து, சுருளாமலிருக்க மூலைக்கு ஒரு டம்ளர் வைத்தோம். தோட்டம் வடிவமைக்கும் பெண்ணின் காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும். எங்களுக்குள் அவள் பெயரே பென்சில். ஒவ்வொன்றாகக் காட்டினாள். சமையலறைக் கதவிலிருந்து தளம் தளமாக இறங்கும் படிகள். புல்வெளிக்கு நடுவே இடைவெளி விட்டுப் பதித்த கற்கள். கடைக்கோடியில் ஒரு குளம், சுற்றிலும் சிவப்புப் பூச்செடிகள்.

இவர் குனிந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார்.

முப்பது வருடம் கட்டட வரைபடம் போட்ட மனுஷன். அடுத்தவர் போட்ட கோட்டை ஒருநாளும் பிரமாதம் என்று சொன்னதில்லை. எழுத்து கோணலாயிருக்கிறது என்றாவது முணுமுணுத்திருப்பார். பிரமாதம் என்றால் தாளில் பாதிகூடத் தெரியவில்லை என்று அர்த்தம்.

பென்சிலிடம் சொல்லக்கூடாது. யாரிடமும் சொல்லக்கூடாது. இவர் போட்ட உத்தரவு. கண் டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்: பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் குறுகிக்கொண்டே வரும், ஒரு வருடத்துக்குள் மொத்தமாகப் போனாலும் போகலாம், நிறுத்த வழியில்லை.

அதனால்தான் எனக்கு இவ்வளவு அவசரம். அதற்குள் அந்தச் சிவப்பை இவர் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மார்ச் 5

காலையிலிருந்து எத்தனை தடவை பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். என்ன இருக்கப்போகிறது? காய்ந்த புல். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி.

மார்ச் 11

மதிப்பீடு வந்தது. நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு. தலையைச் சுற்றியது.

"எதிர்பாராத செலவுக்குன்னு கொஞ்சம் தனியா ஒதுக்கி வெச்சுக்கங்க ஆன்ட்டி" என்றாள் பென்சில். எதிர்பாராததெல்லாம் இந்த வீட்டில் ஏற்கனவே நடந்தாயிற்று என்று சொல்ல வாய் வரை வந்தது. மென்று விழுங்கினேன்.

உட்கார்ந்து செலவை வெட்டினோம். நிழற்கூரையைப் பட்டியலிலிருந்து அடித்தேன். மதில் பூச்சையும் அடித்தேன். விளக்குகளில் பாதி போயிற்று. குளத்தில் கைவைக்க மனம் வரவில்லை. பென்சில், படியோரக் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக் காட்டினாள். "இதையும் எடுத்துடலாமா? நாலே படிதான். பாக்கறதுக்கும் மறைக்குது."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். சரி, எடுத்துவிடு என்றேன். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்?

மார்ச் 19

அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்று. மண்ணைத் தாங்கும் சுவர் இடுப்புயரத்துக்கு மேல் போவதால் அதற்கு ஓர் அனுமதி, குளம் ஆழமாக இருப்பதால் அதற்கு இன்னொன்று. கவுண்டரில் ஆறு வாரம் என்றார்கள், ஏதோ நாளை மறுநாள் என்பது போல.

மார்ச் 20

ஆறு வாரம்!

ஏப்ரல் 2

அனுமதி வருமுன் மண்ணைத் தோண்டக்கூடாது, கயிறு கட்டிப் பார்க்கலாமாம். பென்சில் வந்து முளையடித்து, கணுக்கால் உயரத்தில் வெள்ளைக் கயிறு இழுத்துக் கட்டினாள். எது எங்கே வரும் என்று பார்க்கிறேன் பேர்வழி என்று இவர் விறுவிறுவென்று நடந்து போனார். குப்புற விழுந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. செருப்பு வழுக்கிடுச்சு."

செருப்பே போட்டிருக்கவில்லை. பென்சில் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். அவள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நடக்கற இடத்துல இப்படியா கயிறு கட்டுவாங்க? அறிவு வேணாம்?"

"சாரி ஆன்ட்டி. நல்லாத் தெரியட்டும்னுதான் வெள்ளைக் கயிறு..." அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அவள் போனதும் இவர் கேட்டார்: "அந்தப் பொண்ணை எதுக்குத் திட்டுன?"

"வேற யாரைத் திட்டச் சொல்றீங்க?"

"என்னைத்தான்."

முழங்காலுக்கு மருந்து போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9

நாத்தனார் போன் செய்தாள். "என்ன அண்ணி, குளமெல்லாம் வெட்டறீங்களாமே! முதலை ஏதாவது வளர்க்கப் போறீங்களா?" சிரித்தேன். "ஆமா, அண்ணன் ஏன் இப்பல்லாம் கார் எடுக்கறதில்ல?" முழங்கால் வலி என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது, தண்ணீர் பட்ட பாடு. யாருக்காக இந்த நாடகம்? இவர் சொல்ல வேண்டாம் என்றார், சரி. சொல்லாமலிருப்பது எனக்கும்தானே வசதியாக இருக்கிறது. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடுமே.

ஏப்ரல் 30

ஒரு தகவலும் இல்லை. இப்போது நட்டால்தான் இந்த வருடம் பூக்கும் என்று செடிக் கடைக்காரர் சொல்கிறார். காலையில் இவர் கையோரம் இருந்த காப்பி டம்ளரைத் துழாவி எடுத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவரும் நான் பார்க்காத மாதிரி இருந்தார்.

மே 8

விளக்கம் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். நேரில் வரச் சொன்னார்கள். தானும் வருவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். கூட்டிப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "குளத்தைச் சுத்தித் தடுப்பு காட்டலை. படிக்குக் கைப்பிடி காட்டலை. வீட்டுல சின்னக் குழந்தைங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க."

"நடக்கச் சிரமப்படறவங்க, கண் சரியாத் தெரியாதவங்க..."

"இல்லைங்க" என்றேன், அவர் முடிப்பதற்குள்.

"இருக்கேன்" என்றார் இவர்.

அலுவலருக்குப் புரியவில்லை. "யாரு சார்?"

"நான்தான். கண்ணு போய்க்கிட்டிருக்கு. இப்ப உங்க மூக்கு தெரியுது. காது ரெண்டும் தெரியலை."

அந்த அலுவலர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்; இப்போது என் பையில் இருக்கிறது.

மே 9

பஸ்ஸில் வரும்போது இவர் சொன்னதை இப்போதுதான் எழுத முடிகிறது. நேற்று கை ஓடவில்லை.

"குளம் வேணாம். பூவும் வேணாம். உன்னைக் கூப்பிடாம, உன் கையைப் பிடிக்காம, தோட்டத்தோட கடைசி வரைக்கும் போயிட்டு வரணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம். இரண்டு மாதம் நாயாய்ப் பேயாய் அலைந்திருக்கிறேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?"

"நீ சிவப்பு, சிவப்புன்னு ஓடிக்கிட்டே இருந்த. பாவமா இருந்துச்சு."

என்னைப் பார்த்து. அவருக்கு. பாவமாக.

மே 16

பென்சிலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னோம். அன்று திட்டியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் பழைய வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்தாள். "நீங்க சொல்லுங்க அங்கிள், நான் போடறேன்." இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். படி கூடாது, ஒரே சரிவாக இறங்கட்டும். வளைவும் கூடாது. வலக்கைக்குக் கம்பி, இடப்பக்கம் காலில் தட்டும்படி விளிம்புக்கல். குழந்தையைப் போல் உற்சாகம். கோடு இழுக்கும் சத்தத்தை வைத்தே, "இன்னும் நேரா, இன்னும் நேரா" என்று அந்தப் பெண்ணை ஒருவழி பண்ணிவிட்டார்.

வாசனைச் செடிகள் வைக்கலாமே என்றாள் பென்சில். "கண்ணு போச்சுன்னா மூக்குக்கு உத்தியோக உயர்வா குடுக்கறாங்க? எனக்கு அப்பவும் இதே மூக்குதாம்மா" என்றார்.

மே 20

நாத்தனாரிடம் இவரே போனில் சொன்னார். நான் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். பாதி பேச்சில் இறங்கி வந்தேன். மறுபடி ஏறினேன்.

ஜூன் 26

அனுமதி கிடைத்தது. குளமும் பெரிய சுவரும் இல்லாததால் ஓர் அனுமதியே போதுமாம். செலவும் குறைகிறது. மிச்சமான பணத்தை என்ன செய்யலாம் என்றேன். எதிர்பாராததுக்கு வை என்றார்.

ஜூலை 21

வேலை நடக்கிறது. வீடெல்லாம் சிமென்ட் தூசி. கைப்பிடி இரண்டு விரல் தாழ்வாக இருக்கிறது என்று இவர் மேஸ்திரியோடு மல்லுக்கட்டுகிறார். நான் மதிலோரம் நான்கு சிவப்புச் செடி வாங்கி நட்டேன். எனக்காகத்தான்.

ஆகஸ்ட் 12

வேலை முடிந்தது. இவர் தனியாகப் போகிறார், வருகிறார். நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். "ஜன்னல்ல நிக்கறியா?" என்று அங்கிருந்தே கத்துகிறார். இல்லையே என்கிறேன்.

செப்டம்பர் 17

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. முன்கதவு பூட்டியபடி இருந்தது. குளியலறையில் இல்லை, அறையில் இல்லை. கூப்பிடப் போய் நிறுத்திக்கொண்டேன். பின்கதவு திறந்திருந்தது.

கடைக்கோடியில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாளியைக் காலோடு ஒட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக உதறி, கொடியைத் தடவிக் கண்டுபிடித்து, போட்டு, கிளிப் மாட்டினார். ஒரு சட்டை உள்வெளியாகத் தொங்கியது. போர்வையின் ஒரு முனை மண்ணில் கிடந்தது. என் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

நடந்து கிட்டே போனேன். பளீரென்ற வெயில். நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். இவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"யாரது?"

"நான்தான்."

"வந்துட்டியா? கிளிப் தீந்துபோச்சு. உள்ளேருந்து எடுத்துட்டு வா."

சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.