பீரோவில் நின்ற வாட்ச்

2.2.82 செவ்வாய்
காலையில் நல்ல பனி. நேற்றுத் துவைத்த சேலை இன்னும் ஈரம். பள்ளிக்கு அரை நாள் லீவு.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். நிச்சயத்தன்று அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் பெட்டியோடு திரும்பி வந்தது. சிங்கப்பூர்ச் சித்தப்பாவைக் கெஞ்சி வாங்கியது. தங்க நிற டயல், ஆட்டோமேட்டிக்.

"நின்னு போச்சுங்க. சகுனம் செரியில்லைங்குது எங்கக்கா, மாப்பிள்ளையோட அம்மா. கண்ணாலத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமுங்க."

அப்பா முகம் செத்துவிட்டது. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத் தொலைத்திருக்கிறது. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது.

"எங்க வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"பீரோவுலதானுங்க, பத்திரமா. கிணத்துக்குப் போர் போடற லாரியில கட்டுனா சேறாயிருமாம். மாப்பிள்ளை தொடவே இல்லீங்க. தாலி கட்டற அன்னைக்குத்தான் கட்டுவாராம்."

அட ராமா. கையில் கட்டி, கை ஆடினால்தான் அது ஓடும். சாவியே கிடையாது. எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

3.2 புதன்
வாட்ச் என் வலது கையில். முழங்கை வரை வழுக்குகிறது. அம்மா திட்டு: "மாப்பிள்ளை சாமானை நீ கட்டலாமா?" கட்டுவேன்.

மாவாட்டினேன். வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதினேன். ஓடுகிறது. ரேடியோ செய்தி நேரத்தோடு சரி.

தலைமை ஆசிரியை: "யாரோடது டீச்சர்?" "எங்க ஊட்டுக்காரரோடதுங்க." வாய் முந்திக்கொண்டது.

மாலை, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, வரப்போகிற அத்தைக்கு, ஓர் இன்லண்ட் லெட்டர். வந்து பாருங்கள் என்று. வெட்கமாவது ஒன்றாவது.

5.2 வெள்ளி
பதில் இல்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு திருத்தினேன். பாதிக்குத் தப்பாக டிக் போட்டிருக்கிறேன். அப்பா சாப்பிடவில்லை. வாட்ச் மட்டும் ஓடுகிறது.

7.2 ஞாயிறு
வெயில். வந்துவிட்டார்கள். அத்தையும் மாப்பிள்ளையும். தலையில் இன்னும் பாறைத்தூள், லாரியிலிருந்து நேரே வந்திருக்கிறார்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் வைத்தார். ரொம்ப நேரம்.

"எங்கூட்டுல நின்னது இந்தப் புள்ள கையில ஓடுது. இதை உட வேற சகுனம் என்னங்க வேணும்? மாசியிலயே வெச்சுக்கலாமுங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாட்சைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அத்தை தடுத்தார்.

"வேண்டாஞ் சாமி, நீயே கட்டிட்டு வா. இவன் மறுக்காப் பீரோவுல வெச்சுப் பூட்டிருவான்."

காபி கொடுக்கும்போது அவர் மெல்ல, "ஏனுங்க, மணி என்னங்க?" மூன்றேகால் என்றேன். பஸ் நாலரைக்கு. அதற்குள் இன்னும் மூன்று தடவை கேட்டுவிட்டார்.