மலைக்கு வராத சனிக்கிழமைகள்

என் செல்ல அக்காவுக்கு,

ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வருகிறேன். வாசலில் நின்றால் பால் ஞாபகம் வருகிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன புரட்டாசி சனிக்கிழமை, திருநீர்மலைக்குக் கூப்பிடலாம் என்று இரும்புலியூரில் உன் புகுந்த வீட்டுக்குப் போனேன். உன் நாத்தனார் சரோஜாக்கா பின்கட்டில் தனித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். "நீ போய் கும்ட்டுகினு வா. நான் தூரம்" என்றாள். மாதவிலக்கு எப்போதோ நின்றுபோனவளுக்கு ஏது தூரம்?

நீயும் அதே இடத்தில் அப்படித்தானே உட்கார்ந்தாய்? முதலில் ஒரு சனிக்கிழமை மலைக்கு வரவில்லை. அப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள். உதிரம் நிற்காமல் போனதை நீ மறைக்கவில்லை அக்கா, வீடு முழுக்கத் தெரியும். தட்டைத் தனியாக வைத்தார்கள், தண்ணீரை எட்ட நின்று ஊற்றினார்கள். டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது கர்ப்பப்பை வாயிலிருந்து புற்று எங்கெங்கோ பரவி, உன்னைக் கொண்டுபோய்விட்டது. நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

"கிளம்புங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்றேன்.

"இன்னாடி பேஜார் பண்றே? மூணு நாளு தள்ளி ஒக்காந்தா சரியாப் பூடும்."

"எங்க அக்காவுக்குச் சரியாப் போச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அங்கெல்லாம் பாப்பாங்களாமே, எனுக்கு வெக்கமா கீது. நீ மொதல்ல அந்த டெஸ்ட்டு எடுத்துக்கோ, பின்னாடியே நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டர். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், இவங்களுக்குத் துணைக்குத்தான்" என்றேன். "ஒண்ணும் இல்லாதப்ப எடுக்கறதுதாம்மா இந்த டெஸ்ட்டே" என்று சிரித்தார். கர்ப்பப்பை வாயில் ஒரு சின்ன மரக்குச்சியால் லேசாகத் தடவி எடுத்தார், அவ்வளவுதான். பல் பிடுங்கியபோது நான் இதைவிட அதிகம் கத்தினேன்.

சரோஜாக்காவுக்கு இன்னும் சில டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. வேறு காரணமாம், மருந்து சாப்பிடுகிறாள். எனக்குத்தான் அக்கா, கர்ப்பப்பை வாயில் மாறுதல் தெரிகிறதாம். இப்போது புற்று இல்லை, அப்படியே விட்டால் பின்னால் ஆகலாமாம். அந்த இடத்தை மட்டும் குளிரால் உறையவைத்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

துணைக்குப் போனவளுக்கா இது என்று சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. உனக்கும் இப்படி ஒன்றுமே தெரியாத ஒரு காலம் இருந்திருக்குமே? அப்போது ஒரு குச்சி போதுமாக இருந்திருக்குமா?

நாளைக்குச் சரோஜாக்காதான் கூட வருகிறாள். "சோறு கட்டிகினு வந்துர்றேன், நீ பயப்படாத" என்று எனக்கே தைரியம் சொல்கிறாள். அந்தத் தனித் தட்டை அவளே எடுத்துவந்து மற்றத் தட்டுகளோடு அடுக்கிவிட்டாள்.

உன் மகள் கலாவையும் டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டேன். இரண்டு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாள், பேச்சு மட்டும் உன்னைப் போலவே. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே சித்தி" என்கிறாள். நான் எழுந்து நடமாடியதும் முதல் வேலையாக அவளை இழுத்துக்கொண்டு போவேன். ஒன்றும் இல்லாதபோதே போவேன். உன்மேல் சத்தியம்.

உன்னோடு பிறந்தவள்,
வசந்தா