எதிர்ச்சாரியில் அக்கா கடை

ஜனவரி 11

அடுத்து நான் வரைய வேண்டிய சாலை அக்காவின் தெரு. கோப்பைத் திறந்ததும் சிரிப்பு வந்தது. இருபது வருடமாக அக்கா தன் வீட்டிலிருந்து எதிர்ச்சாரியில் உள்ள தையல் கடைக்கு ஊன்றுகோலோடு நடக்கிறாள். சின்ன வயதிலேயே சூம்பிப்போன இடது கால். கடக்க வேண்டியது மொத்தம் இருபதடி. பக்கத்திலேயே ஒரு வளைவு இருப்பதால் எந்த வண்டியும் அங்கே தானாகவே மெதுவாகிவிடும். எங்கள் சாலைத் துறைக் கோப்பில் அந்த வளைவுக்குப் பெயர் 'குறைபாடு'.

ஜனவரி 24

தெருக்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டோம். கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டதைச் செய்ய வேண்டும் என்று இல்லை. டீச்சரிலிருந்து சைக்கிள் கடைக்காரர் வரை எல்லோரும் ஒரே பேச்சு: ரோட்டை அகலமாக்காதீங்க, நடக்க இடம் கொடுங்க. அக்கா எழுந்தாள். "சார், அந்த வளைவுதான் எங்களுக்கு டிராபிக் போலீஸ். அதை எடுத்துடாதீங்க."

தம்பியைப் போய் சார் என்கிறாளே என்று எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குஷியில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 15

வரைபடம் முடிந்தது. என் சர்வீசில் எனக்கே பிடித்த முதல் வரைபடம். வளைவு அப்படியே. அகலம் ஆறு மீட்டர். அக்கா கடைக்கு நேரே சாலையையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிட்டேன். இனி ஏறி இறங்க வேண்டியது வண்டிக்காரன், அக்கா இல்லை.

விதிப்புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. இடத்துக்கும் மனிதர்களுக்கும் தக்கபடி அளவை மாற்றலாம். ஏன் மாற்றினேன் என்று வரைந்தவர் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

ஸ்கேல் கூப்பிட்டார். தலைமைப் பொறியாளருக்கு நாங்கள் வைத்த பெயர். சாப்பிடும்போதும் மேசையில் ஸ்கேல் இருக்கும். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குய்யா. நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. புத்தகத்துல இருக்கிற அளவுல போட்டு ஒருத்தன் செத்தா, அது விபத்து. நீ மாத்திப் போட்டு செத்தா, அது நீ."

பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருப்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா என்ன?

பிப்ரவரி 20

கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 23

இன்றும்.

பிப்ரவரி 26

புத்தக அளவிலேயே இன்னொரு வரைபடம். பத்தரை மீட்டர், நேர்க்கோடு. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிட்டது, யோசிக்கத்தான் ஒன்றும் இல்லையே. 'மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று தெருக்காரர்களிடம் சொன்னேன். மேலிடமாம்! எந்த மேலிடம்டா? நீதானேடா அது?

அக்காவிடமும் அதையே சொன்னேன். "பாவம், நீ என்ன பண்ணுவே" என்றாள். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 2

பதவி உயர்வு. அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 9

சாலை திறந்து ஒரு மாதம். வேகப் பலகையில் முப்பது என்று எழுதியிருக்கிறது. ஓரமாகக் காரை நிறுத்தி வண்டிகளின் வேகத்தை அளந்தேன். எழுபது, எழுபத்தைந்து, ஒரு தண்ணீர் லாரி அறுபத்தெட்டு. ஓட்டுகிறவர்களைச் சொல்லி என்ன? பறக்கிற மாதிரி ரோட்டைப் போட்டுவிட்டு ஊர்ந்து போ என்று பலகை வைத்தது நாங்கள்.

அக்கா தன் வீட்டு வாசலில் நின்றாள். ஊன்றுகோலை ஓரடி முன்னே வைப்பாள், எடுத்துவிடுவாள். பன்னிரண்டு நிமிடம். அப்புறம் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். எதிர்க் கடைக்குப் போக ஆட்டோ! இந்த வேகத்தில் நடுவில் திருப்ப முடியாது, ரவுண்டானா வரை போய்த் திரும்பி வர வேண்டும்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. எந்த முகத்தோடு இறங்குவது?

நவம்பர் 14

கடப்பதற்கு ஒரு மேடு கேட்டுத் தெருக்காரர்களின் மனு. அறுபத்திரண்டு பேர். முதல் பெயர் அக்கா. பதில் எழுதுவது இப்போது என் வேலை.

'மேற்படி சாலை உரிய அளவுகளின்படி அமைந்துள்ளது. வாகனங்கள் அதிவேகமாகச் செல்லும் சாலையில் மேடு அமைக்க விதிகளில் இடமில்லை.'

அந்த வேகத்தைக் கொடுத்தவன் யார் என்று எழுத அதில் கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டேன். இதற்கு மட்டும் கை தயங்கவே இல்லை.

நவம்பர் 22

அக்கா போன் செய்தாள். கடையைக் காலி செய்துவிட்டாளாம். மெஷினை வீட்டு முன்னறையில் போட்டிருக்கிறாளாம். எதிர்ச்சாரி ஆட்கள் யாரும் துணி கொண்டு வருவதில்லையாம்.

"லெட்டர் வந்துச்சு. படிச்சேன்."

"மேலிடத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"கீழே உன் பேருதான்டா இருக்கு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"வா. வண்டியை எங்க பக்கமே நிறுத்து. கிராஸ் பண்ணி வராதே, பயமா இருக்கு" என்றாள்.