உன் பெயரில் இன்னொருவன்

லேப்டாப் பையைக் கவிழ்த்தபோது உன் கம்பெனி பித்தளை டோக்கன் உருண்டு விழுந்தது. 417. உன் அம்மா கொடுத்தது. "அவன் தோஸ்த் நீ, வெச்சிக்கப்பா" என்றார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. உனக்குமே தெரியாது.

காலேஜைப் பாதியில் விட்டு ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் நான் சேர்ந்தபோது நீ தோல் வெட்டும் கட்டிங்கில் இருந்தாய். எல்லோருடைய மருத்துவ விவரத்தையும் நோட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. அந்த டேட்டா டேபிளில் ஆளுக்கொரு ப்ரைமரி கீ, அதாவது தனி அடையாளம், வேண்டும். ஒருவருடையது இன்னொருவருக்கு வரவே கூடாது. டோக்கன் நம்பரை வைக்கப் போனேன். டீயோடு எட்டிப் பார்த்த நீ முறைத்தாய்.

"சூப்பர்வைசரு நானூத்திப் பதினேழு வாடான்றான். நீயும் இன்னாடா? எனக்கு பேர் இல்லியா?"

உனக்காகத்தான் மாற்றினேன். இனிஷியலோடு பெயர், அதுதான் கீ. உனக்கு ஒரே சந்தோஷம்.

"ஊசி மேட்டர் போட்டியா? பென்சிலின் ஏத்துனா நான் காலி."

போட்டேன்.

பிறகு ஒடுகத்தூரிலிருந்து ஒருவன் வேலைக்கு வந்தான். உன் பெயர், உன் இனிஷியல். ஃப்ளோரில் யாருக்கும் குழப்பமில்லை. அவனை 'ஒடுகத்தூரு' என்றார்கள், உன்னைக் 'கட்டிங்கு' என்றார்கள். என் டேபிள் மட்டும் அவனைச் சேர்க்க மறுத்தது, இந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறது என்று. அவனுடைய மருத்துவ ஃபாரத்தை, நீதான் இரண்டாவது தடவை கொடுத்திருக்கிறாய் என்று நினைத்தேன். சாப்பாட்டு மணி வேறு அடித்துவிட்டது. சரிபார்க்காமல் உன் பழைய வரிசையின் மேலேயே எழுதி எண்டரைத் தட்டினேன்.

கட்டிங் கத்தி உன் தொடையைக் கிழித்த அன்று நீ மயங்கிக் கிடந்தாய். கம்பெனி டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்தார். உன் பெயர் இருந்தது. ஒவ்வாத மருந்து: இல்லை. ஊசி போட்டார். வேன் வேலூர் போய்ச் சேரவில்லை, அதற்குள் நீ போய்விட்டாய்.

காரியத்தன்று ஒடுகத்தூரான் என்னைத் தனியாக இழுத்துப் போனான்.

"டாக்டர் பாத்தது என் டீடெய்லாமே. என் பேராலதானா ண்ணா?"

"உன் மேல ஒண்ணும் இல்ல."

"அப்போ யார் மேல?"

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மறுநாள் வேலையையும் விட்டேன்.

இன்று லேப்டாப்பில் இருந்த அந்த டேபிளின் காப்பியைத் திறந்தேன். டோக்கன் நம்பரைக் கீயாக மாற்றினேன். 417, உன் பெயர், பென்சிலின் ஒவ்வாது. கீழே அவனுக்குத் தனி வரிசை. ஒரு தப்பும் காட்டாமல் சேவ் ஆனது. அவ்வளவு சுலபம்டா.

உன் அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை உன் தெருமுனை வரை போயிருக்கிறேன். மூன்று தடவையும் டோக்கன் சட்டைப் பையில் இருந்தது. இப்போதும் எடுத்து அதில்தான் போட்டிருக்கிறேன்.