கிரகணத்தன்று தண்ணீர் காட்டிய மாடு

என் ஆசை அண்ணி,

நேற்று நம் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டுச் செல்வியின் மாடு கன்று போட்டது. கன்றுக்கு முன்னங்கால் இரண்டும் மடங்கியபடியே இறுகி, கழுத்து ஒருபக்கம் திருகி, எழுந்து நிற்க முடியாமல் செத்தது. உங்கள் சிவப்பி போட்ட கன்றும் இப்படித்தானே கிடந்தது?

சிவப்பி சினையாக இருந்தபோது கிரகணம் பிடித்தது. லயமே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க, தாகத்தில் கத்திய மாட்டை நீங்கள்தான் அவிழ்த்துத் தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோனீர்கள். கன்று கோணலாய்ப் பிறந்ததும், "கிரகணத்துல சினைமாட்ட வெளிய கொண்டு போனா வேற என்ன நடக்கும்?" என்று அம்மாவே வாசலில் நின்று கத்தினார்.

அதற்குப் பிறகு எந்த வளைகாப்புக்கும் நீங்கள் வளையல் போட்டதில்லை. "என் கை ஆகாதுங்க, வேற யாராச்சும் போடுங்க" என்று பின்னால் போய் நின்றுகொள்வீர்கள். எனக்கு வளைகாப்பு நடந்த அன்றும் அப்படித்தான். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கண்ணை மூடுவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "அந்தக் கன்னுக்குட்டி என்னாலதானே அப்படி ஆச்சு, பாப்பா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நீங்கள் நம்பவில்லை. நம்பும்படி சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாது.

இன்று செல்வியையும் பேச ஆரம்பித்தார்கள், அமாவாசையில் சினைமாட்டுக்குப் புல் போட்டாளாம். நல்லவேளை, கலஹாவிலிருந்து மிருக வைத்தியர் வந்திருந்தார். "யார் மேலயும் பிழை இல்ல. கொசுவ விடச் சின்ன ஈ ஒண்டு கடிச்சு வாற கிருமி. தாய் மாடு நல்லாத்தான் இருக்கும், வயித்துல இருக்கிற கன்றத்தான் தாக்கும்" என்றார். முன்பும் இங்கே இப்படிக் கன்று பிறந்ததே என்று நான் சிவப்பியைப் பற்றிச் சொன்னேன். அதுவும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்றார்.

இதை அன்றைக்கு வந்து சொல்ல ஒருவர் கிடைக்கவில்லையே, அண்ணி!

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வைத்தியர் போன பிறகு, "அவகிட்ட இத யாரு போயி சொல்றது?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். அதனால்தான் எழுதுகிறேன்.

இனி இந்த லயத்தில் கன்றைக் காட்டி ஒரு பெண்மேல் பழி சொல்ல யாரையும் விடமாட்டேன். அது நம் அம்மாவாகவே இருந்தாலும்.

உங்களை நம்ப வைக்க முடியாமல் போன நாத்தனார்,
பாப்பா