வெந்நீர் அடுப்பில் போட்ட ஆல்பம்

இஸ்தான்புல்
23 நவம்பர் 1980, ஞாயிறு

அன்பு மகள் நெர்மினுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பொய் எழுத இது தபாலில் போகும் கடிதம் இல்லை. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதால், ஜெர்மனிக்கு லாரி ஓட்டும் எதிர்வீட்டு ஓர்ஹான் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. குழந்தைக்கு அம்மா பின்னிய கம்பளிச் சட்டையும் இத்துடன் வருகிறது, குளிரில் காதை மூடி வை.

செப்டம்பரில் இராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்ட அன்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். தினம் தெருவில் யாராவது சுடப்பட்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள், உனக்கே தெரியும். ரேடியோவில் அறிவிப்பு வந்ததும், "அப்பாடா, இனிமே பையன் காலேஜுக்குப் போனா உசுரோட திரும்பி வருவான்" என்று அம்மாவிடம் சொன்னேன். தெருமுனையில் நின்ற சிப்பாய்களுக்கு என் கையாலேயே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்தே நாளில் வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. அம்மா ரொட்டி வாங்கப் போயிருந்த நேரத்தில் உன் தம்பி துன்ஜாயின் புத்தகங்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். பிறகு ஆல்பத்தைத் திறந்தால் நண்பர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான், அதில் எவன் தேடப்படுகிறவன் எவன் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? பிரித்தெடுக்க உட்காரவில்லை, பயத்தில் முழு ஆல்பத்தையும் உள்ளே தள்ளிவிட்டேன். அவன் தொட்டிலில் கிடந்த படமும் அதோடு போயிற்று. மறுநாள் சிப்பாய்கள் வந்து ரேடியோவையும் கொஞ்சம் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆல்பம் எங்கே என்று அம்மா கேட்டபோது, "அவங்கதான் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, முடி வெட்டிக்கொள்ளப் போன துன்ஜாயைக் கடை நாற்காலியிலிருந்தே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து தகவல் இல்லை. செவ்வாய்தோறும் இராணுவ முகாம் வாசலில் நிற்கிறோம், பட்டியலில் பெயர் இல்லை என்கிறார்கள். உள்ளே சிலருடைய பெயர் தப்பாகப் பதிவாகியிருக்கிறதாம், முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்களாம். வந்தவர்கள் எல்லோர் கையிலும் பிள்ளையின் படம் இருக்கிறது, எங்கள் கையில் அவனுடைய துணி மூட்டை மட்டும். அடையாள அட்டை அவனோடு போயிற்று, கல்லூரிக் கோப்புகளும் இராணுவத்திடம். நெர்மின், கண்ணை மூடினால் நெருப்பில் சுருண்டு கறுத்த முகம்தான் எனக்கு வருகிறது. அதற்கு முந்தைய முகம் வர மாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது மகளே.

உன் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தம்பி நிற்கிறானே, அதில் அவன் முகத்தை மட்டும் ஸ்டூடியோவில் பெரிதாக்கி நான்கு பிரதி ஓர்ஹானிடம் கொடுத்தனுப்பு. எங்களிடம் இருந்த பிரதியும் ஆல்பத்தோடு சாம்பலாகிவிட்டது, அதனால் உன்னுடையதை அனுப்பாதே, பத்திரமாக வைத்துக்கொள். பதறியடித்துக் கிளம்பியும் வந்துவிடாதே, ஒரு பிள்ளையாவது எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

போன செவ்வாய் அம்மா வாசலில் இருந்த நரைமீசை சார்ஜென்டின் சட்டையைப் பிடித்துவிட்டாள். "புள்ளயத்தான் தரல, அவன் படத்தையாவது குடுங்கடா, என் வீட்டுலேர்ந்துதானே திருடிட்டு வந்தீங்க" என்று கத்தினாள். அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் திரும்பி உள்ளே போனான். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கைவரை தூசியோடு வந்து, "அக்கா, அள்ளிட்டு வந்த சாமானெல்லாம் மூணு ரூம்ல கெடக்கு, ரெண்டு ரூம் தேடிட்டேன், கெடைக்கல. அடுத்த வாரம் வாங்க, மூணாவதையும் பாத்துடறேன்" என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். அவளுக்கு எழுதும்போது ஆல்பத்தைப் பற்றி எதுவும் கேட்காதே, நான்தான் சொல்ல வேண்டும்.

பேத்தியின் இரண்டு கண்களிலும் என் முத்தம். உங்கள் மூவரையும் ஆண்டவன் தன் காவலில் வைத்திருக்கட்டும். படத்தை மறந்துவிடாதே. நாளை மறுநாள் செவ்வாய். மூன்றாவது அறையில் கட்டாயம் இருக்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

உன் அப்பா,
ரிஃபாத்